கீழே வைக்க முடியாத ஆறு கிளாஸ்கள்

மனிதனுக்குக் கைகள் இரண்டுதான் என்பதை நான் என் இருபத்தொன்பதாவது வயதில்தான் கண்டுபிடித்தேன். மற்றவர்கள் இதைத் தொட்டிலில் கிடக்கும்போதே தெரிந்துகொண்டு விடுகிறார்களாம். எனக்கு அதைத் தெரிந்துகொள்ள ஆறு கண்ணாடிக் கிளாஸ்கள் வேண்டியிருந்தன. கூடவே, ஓய்வுபெற்ற கட்டொழுங்கு ஆசிரியர் ஒருவரும்.

அந்த நாட்களில் எனக்கு டிசைன் பைத்தியம். பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் அட்டைப்பெட்டிகளுக்கு வரைபடம் போடும் வேலை. பெட்டி என்றால் நீளம், அகலம், உயரம். அதற்கு மேல் அதில் கற்பனைக்கு இடமில்லை. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள சனி, ஞாயிறுகளில் ஜார்ஜ்டவுன் கஃபேக்களைச் சுற்றுவேன். பழைய கடைவீட்டுச் சுவரைப் பாதி சுரண்டிவிட்டு மீதியை அப்படியே விட்டிருப்பார்களே, அந்த மாதிரி இடங்கள். அங்கே எதையும் அதற்குரிய பாத்திரத்தில் தர மாட்டார்கள். மின்விளக்குக் குமிழில் கோப்பி வரும். சோதனைக் குழாயில் எலுமிச்சை ஜூஸ் வரும். ஒரு கடையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பூவாளியில் தேநீர் கொடுத்தார்கள். அதை ஒன்பது கோணங்களில் படம் எடுத்தேன். எந்தப் பக்கம் வாயை வைப்பது என்றுதான் கடைசிவரை தெரியவில்லை.

டத்தோ கிராமாட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கும் இந்த நோய் மெல்லப் பரவியது. மண்டையோட்டு வடிவத்தில் ஒரு கிளாஸ் வாங்கினேன் (சாமி மேடைப் பக்கம் அதைக் கொண்டுபோகக் கூடாது என்று அம்மா தடை போட்டார்). எப்போதும் சாய்ந்தே நிற்கும் கோப்பை ஒன்று வாங்கினேன். அது விழப்போகிறது என்று பதறி எல்லாரும் பாய்ந்து பிடிக்கப் போய், பக்கத்தில் ஒழுங்காக நின்றுகொண்டிருந்த கோப்பைகளைத் தட்டிவிட்டார்கள். உறிஞ்சுகுழாயையும் கண்ணாடியோடு சேர்த்தே வார்த்த கிளாஸ் ஒன்று வந்தது. அந்தக் குழாய்க்குள் மைலோ காய்ந்து ஒட்டிக்கொண்டது.

"இதை எதால கழுவுறது குணா? ஊசியாலயா?" என்றார் அம்மா.

"அம்மா, இது ஒரு அனுபவம்மா."

"எறும்புக்கா?" என்று கேட்டாள் அக்கா. உண்மையிலேயே குழாய்க்குள் ஒரு வரிசை போய்க்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் ரெஜினாவின் அப்பா எங்கள் வீட்டுக்கு வர ஒப்புக்கொண்டார்.

ரெஜினா அதே தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தாள். மூன்று வருடப் பழக்கம். அவள் வீடு பட்டர்வொர்த்தில். தவறாமல் கோயிலுக்குப் போகும் கத்தோலிக்கக் குடும்பம். நாங்களோ தைப்பூசத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே தண்ணீர்மலை முருகன் கோயிலைப் பற்றி மட்டுமே பேசுகிறவர்கள். அவள் அப்பா அருள்தாஸ் முப்பது வருடம் பள்ளியில் கட்டொழுங்கு ஆசிரியராக இருந்தவர். எங்கள் விஷயத்தைக் கேள்விப்பட்டு அவர் கத்தவில்லை, திட்டவில்லை. "வீட்டைப் பார்க்கிறேன்" என்று மட்டும் சொன்னாராம். அதுதான் பயமாக இருந்தது.

ரெஜினா எனக்குத் தொலைபேசியில் பாடம் நடத்தினாள்.

"அப்பா எங்க போனாலும் பத்து நிமிஷம்தான் இருப்பாரு. குடுத்ததைக் குடிப்பாரு. கிளாஸைக் கீழ வைப்பாரு. 'சரிம்மா, யோசிச்சுச் சொல்றோம்'னு எழுந்திருப்பாரு. அப்படி எழுந்தாருன்னா அவ்வளவுதான் குணா. எங்க பெரியப்பா பொண்ணுக்கு வந்த ரெண்டு சம்பந்தம் இப்படித்தான் போச்சு."

"அப்ப நான் என்னா பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணாத. சாதாரணமா இரு லா. அது போதும்."

சாதாரணமாக இரு என்று ஒரு டிசைன் பைத்தியத்திடம் சொன்னால் அவன் என்ன செய்வான்? இணையத்தில் கிளாஸ் தேடினான்.

கிடைத்தது. கூம்பு வடிவக் கண்ணாடிக் கிளாஸ்கள், ஆறு. மேலே அகன்று, கீழே வரவரக் குறுகி, கடைசியில் கூர்முனையாக முடியும். ஐஸ்கிரீம் கோன் போல. அடிப்பாகமே கிடையாது. படத்தில் ஒவ்வொன்றும் ஒரு கறுப்பு மரத் தாங்கியின் துளைக்குள் அந்தரத்தில் மிதப்பதுபோல் நின்றது. அதைப் பார்த்த கணத்தில், இதில் பானம் குடித்த எந்த மனிதனாலும் பெண் தர மறுக்க முடியாது என்று முடிவு செய்தேன். (ஏன் அப்படி முடிவு செய்தேன் என்று இன்றுவரை யாருக்கும் விளக்க முடியவில்லை.)

அவர்கள் வருவதாக இருந்தது ஞாயிறு மாலை நான்கு மணிக்கு. பார்சல் சனிக்கிழமை வந்தது. ஆறு கிளாஸ்களும் ஒரு கீறல் இல்லாமல் இருந்தன. தாங்கிகளைக் காணோம். ஒரு சின்னச் சீட்டு இருந்தது: தாங்கிகள் தனிப் பார்சலில் வந்துகொண்டிருக்கின்றன.

அக்கா ஒரு கிளாஸை எடுத்து மேசைமேல் வைத்தாள். அது படுத்துக்கொண்டது. மறுபடி நிறுத்தினாள். மறுபடி படுத்தது.

"எவர்சில்வர் டம்ளர்லயே குடுத்துரலாம் லா, தம்பி."

"அக்கா, முதல் அபிப்பிராயம் எவ்வளவு முக்கியம் தெரியுமா?"

"அதுக்குத்தான் சொல்றேன்."

அன்று இரவு எட்டு மணி வரைக்கும் அந்தக் கிளாஸ்களை நிறுத்த நான் முயன்றேன். கிண்ணத்தில் அரிசியைக் கொட்டிக் குத்திப் பார்த்தேன். காலிப் பூந்தொட்டிகளைக் கவிழ்த்து, அடித்துளையில் செருகிப் பார்த்தேன். கடைசியில் அம்மாதான் வழி கண்டுபிடித்தார். முட்டை அட்டை. முட்டைக்குப் பதில் கூர்முனையைக் குழிக்குள் இறக்கினால் கிளாஸ் கொஞ்சம் தலையைச் சாய்த்துக்கொண்டு, ஆனால் விழாமல் நின்றது. ஊற்றி வைக்க இது போதும். ஆனால் முட்டை அட்டையை ஹாலுக்குக் கொண்டுவரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். எனக்கென்று ஒரு ரசனை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சரியாக நான்கு மணிக்குக் கார் வந்து நின்றது. அருள்தாஸ் அங்கிள் நெட்டையாக, முழுக்கை வெள்ளைச் சட்டையில், சட்டையைவிட நேராக இறங்கினார். பின்னால் அவருடைய அக்கா ஃபிலோமினா. ரெஜினாவுக்கு அத்தை. எனக்கும் அத்தையாவாரா என்பது அடுத்த பத்து நிமிடத்தில் முடிவாகும். கடைசியாக ரெஜினா. என்னைப் பார்த்துக் கண்ணாலேயே "சாதாரணமா இரு" என்றாள்.

அப்பா சில வருடங்களுக்கு முன்பே இறந்துவிட்டதால் எங்கள் பக்கம் நான், அம்மா, அக்கா. ஆக ஆறு பேர், ஆறு கிளாஸ்கள். கணக்கு இவ்வளவு அழகாக அமைந்ததை ஒரு நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

பானம் பண்டோங். ரோஸ் சிராப்பில் பால் கலந்து, ஐஸ் போட்டது. இளஞ்சிவப்புக்கு அந்தக் கூம்புகள் உண்மையிலேயே அழகாக இருந்தன. இரண்டிரண்டாக எடுத்துவந்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். அங்கிள் கிளாஸை இடது கைக்கு மாற்றி, வலது கையால் சிலுவை போட்டு, கண்மூடி ஒரு விநாடி ஜெபித்து, ஒரு மிடறு குடித்தார். பிறகு கிளாஸைக் கீழே வைக்கக் குனிந்தார்.

மேசைக்கு ஒரு அங்குலம் மேலே அவர் கை நின்றது. கிளாஸைத் தூக்கி அடியைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இதை எங்க வைக்கிறது?"

இந்த இடத்தில் "மன்னிச்சிருங்க அங்கிள், தாங்கி வரலை" என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது. நான் சொன்னது இது:

"வைக்கக் கூடாது அங்கிள். கையிலேயே வச்சிருக்கணும். அதுதான் இதோட கான்செப்ட். கீழ வச்சிட்டா நாம அதை மறந்துர்றோம் இல்லையா? இது நம்மளோடயே இருக்கும்."

"ஓ" என்றார் அங்கிள்.

முப்பது வருடத்தில் எத்தனை மாணவர்கள் அந்த "ஓ"வைக் கேட்டுவிட்டு, அடுத்துப் பிரம்பு எடுக்கும் சத்தத்தையும் கேட்டிருப்பார்களோ தெரியாது. ரெஜினா உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது அம்மா பலகாரத் தட்டுகளோடு வந்தார். ஒவ்வொரு தட்டிலும் இரண்டு உளுந்து வடை, தேங்காய்ச் சட்னி, ஓரத்தில் கேசரி. ஒவ்வொருவர் கையிலும் ஒரு தட்டைக் கொடுத்தார். ஒரு கையில் தட்டு, மறு கையில் கிளாஸ். அத்தோடு எல்லாருக்கும் கைகள் தீர்ந்துபோயின. தட்டைத் தொடாமல் மேசையில் வைத்தால் வேண்டாம் என்று அர்த்தமாகிவிடும்.

ஹாலில் ஆறு பேர் உட்கார்ந்து ஆறு பேரின் வடையையும் பார்த்துக்கொண்டிருந்தோம். யாராலும் எடுத்துச் சாப்பிட முடியவில்லை. சுவர்க்கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"சாப்பிடுங்க சார், சூடா இருக்கு" என்றார் அம்மா. அவர் கையிலும் தட்டும் கிளாஸும் இருந்தன.

"சாப்பிடறேம்மா" என்றார் அங்கிள், அசையாமல்.

ஃபிலோமினா அத்தைதான் முதலில் புரட்சி செய்தார். கிளாஸை முழங்கால்களுக்கு நடுவே சேலை மடிப்பில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் ஒரு வடையைப் பிட்டு வாயில் போட்டார். அதைப் பார்த்து அக்கா தன் கிளாஸை சோபாவின் இரண்டு மெத்தைகளுக்கு இடையே சொருகினாள். அங்கிள் இரண்டையும் செய்யவில்லை. அவர் ஒரு கொள்கை மனிதர். கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. முழுவதையும் குடித்துவிட்டால் கிளாஸ் காலி, காலிக் கிளாஸைப் படுக்க வைக்கலாம், கை விடுதலையாகிவிடும். மூச்சு விடாமல் மொத்தத்தையும் குடித்து முடித்தார்.

எங்கள் அம்மாவின் அகராதியில் விருந்தாளி கையில் காலிக் கிளாஸ் இருப்பதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அங்கிள் கிளாஸைச் சாய்ப்பதற்குள் அம்மா தன்னுடையதை அக்கா மடியில் திணித்துவிட்டு, ஜக்கோடு வந்து நின்றார்.

"அட, நல்லா பிடிச்சிருக்கு போல சாருக்கு. இன்னும் கொஞ்சம் ஊத்தறேன்."

"இல்லம்மா, போதும்மா."

"கூச்சப்படாதீங்க சார்."

கிளாஸ் விளிம்புவரை நிரம்பியது. அங்கிள் இரண்டாவதையும் அதே திட்டத்தோடு குடித்தார். அம்மா மூன்றாவதை ஊற்றினார். ஐஸ் குளிரில் அவர் விரல்கள் சிவந்து, கிளாஸின் வெளிப்புறம் முழுக்க வியர்த்து வழிந்தது. தட்டையும் கிளாஸையும் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தார். இந்த நேரம் பார்த்து அவருடைய சட்டைப்பையில் போன் அடித்தது. அவர் அதைப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் பார்த்தோம். அது பாட்டுக்கு அடித்து ஓய்ந்தது.

பத்து நிமிடம் எப்போதோ கடந்துவிட்டிருந்தது. ரெஜினா சொன்னபடி அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். வைக்க முடியாததால் எழுந்திருக்க முடியவில்லை. நான் ரகசியமாக மகிழ்ந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். டிசைன் வேலை செய்கிறது என்று நினைத்தேன்!

கடைசியில் அவர் வடைத் தட்டை மேசையில் வைத்துவிட்டு, நிறைந்த கிளாஸோடு எழுந்து நின்றார். அத்தையும் எழுந்தார். ரெஜினாவின் முகம் வெளுத்தது. நானும் தட்டை மேசையில் வைத்துவிட்டு, அங்கிளின் கையிலிருந்து கிளாஸை வாங்கலாம் என்று எழுந்தேன். அதற்குள் அத்தை, "இதைப் பிடி தம்பி" என்று தன் கிளாஸை என்னிடம் கொடுத்துவிட்டார். இப்போது என் இரண்டு கையிலும் ஆளுக்கொரு கிளாஸ்.

"சரிம்மா" என்று ஆரம்பித்தார் அங்கிள். "யோசிச்சு..."

விருந்தாளி கிளம்புகிறார் என்று புரிந்ததும் அம்மா இரண்டு கைகளையும் கூப்பி, "போயிட்டு வாங்க சார், சந்தோஷம்" என்றார். யாராவது கும்பிட்டால் திருப்பிக் கும்பிடாமல் இருக்க முடியாத மனிதர் அங்கிள். அனிச்சையாக அவருடைய கைகளும் குவிந்தன. கிளாஸ் நடுவில் இருந்தது.

ஈரமான கூம்பை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் அது எந்தப் பக்கம் போகும் என்பதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். அது மேலே போகும். வேகமாகப் போகும். கிளாஸ் அவருடைய மூக்குக்கு நேராக எழும்பி, ஒருமுறை குட்டிக்கரணம் அடித்து, மூன்றாவது பண்டோங் முழுவதையும் அவர் முகத்திலும் வெள்ளைச் சட்டையிலும் கவிழ்த்துவிட்டு, சோபாவில் மெத்தென்று விழுந்தது. உடையக்கூட இல்லை.

அங்கிளின் மூக்குக்கண்ணாடியிலிருந்து இளஞ்சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. கூப்பிய கைகளை அவர் இன்னும் பிரிக்கவில்லை. ஒரு ஐஸ் கட்டி அவர் தோளில் உட்கார்ந்திருந்தது. நான் ஓடிப்போய் ஏதாவது செய்திருக்க வேண்டும். என் இரண்டு கையிலும் கிளாஸ்கள். கீழே வைக்க முடியாது. துண்டை எடுக்க முடியாது. மன்னிப்புக் கேட்டுக் கும்பிடலாம் என்றால் அதன் விளைவை இப்போதுதான் பார்த்திருந்தேன். கோயில் வாசல் துவாரபாலகர் மாதிரி அப்படியே நின்றேன்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. முதலில் அழுகை என்றுதான் நினைத்தேன். ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள்கள் குலுங்கின. பிறகு கையை எடுத்துவிட்டாள். அவள் சிரிப்பு அந்த ஹாலையே நிறைத்தது. "அப்பா... தோள்ல... ஐஸ்..." என்று ஏதோ சொல்ல முயன்று, முடியாமல், தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அத்தைக்கும் தொற்றிக்கொண்டது. அக்கா சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள். எங்களுக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு.

அங்கிள் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சட்டையை உடனே ஊற வைக்கணும் சார். சிராப்புக் கறை போகாது" என்று அம்மா சொன்னபோதுதான் எல்லாருக்கும் உயிர் வந்தது. அங்கிளுக்கு மாற்றுச் சட்டை தேடப் போன அக்கா, அவசரத்தில் என் அலமாரியின் மேலடுக்கில் இருந்ததை எடுத்து வந்தாள். எங்கள் தொழிற்சாலையில் பாதுகாப்பு வாரத்தின்போது கொடுத்த மஞ்சள் டி-ஷர்ட். 'உங்கள் கைகளைக் கவனியுங்கள்' என்று அதன் நெஞ்சில் மலாயில் கொட்டை எழுத்தில் இருந்தது. அங்கிள் அதைப் படித்தார். பிறகு போட்டுக்கொண்டார்.

சட்டையைத் துவைத்து, காய வைத்து, இஸ்திரி போட இரண்டு மணி நேரம் ஆனது. அதுவரை அவரால் எங்கும் போக முடியாது. சமையலறை மேசையில் உட்கார்ந்தார். அம்மா எவர்சில்வர் டம்ளரில் சுடச்சுடக் கோப்பி கொடுத்தார். அங்கிள் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை மேசைமேல் வைத்தார். கையை மெல்ல எடுத்தார். ஒரு கணம் காத்திருந்தார்.

"நிக்குது" என்றார்.

அத்தை மறுபடி சிரிக்க ஆரம்பித்தார். நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். (அதற்குள் யாரோ என் கையிலிருந்த கிளாஸ்களை வாங்கியிருந்தார்கள்.)

"உட்காரு தம்பி. உண்மையைச் சொல்லு. அந்த கான்செப்ட்டு கீன்செப்ட்டு எல்லாம் வேணாம். ஏன் அதை வாங்குன?"

"உங்களைப் பார்த்தா பயமா இருந்துச்சு அங்கிள். எங்க வீடு ரொம்பச் சாதாரணமா தெரிஞ்சிருமோன்னு. தாங்கி இன்னும் வந்து சேரலை. அதை உங்ககிட்ட ஒத்துக்க வெட்கமா இருந்துச்சு."

அவர் தலையாட்டினார். பிறகு ஹால் பக்கம் பார்த்தார். ரெஜினா அங்கே அக்காவோடு சோபாவைத் துடைத்துக்கொண்டு, நடுநடுவே இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அவ அம்மா போயி அஞ்சு வருஷம் ஆகுது. எங்க வீட்டுல சத்தமே கிடையாது தம்பி. நானும் பேச மாட்டேன், அவளும் பேச மாட்டா. அவ இப்படிச் சிரிப்பாங்கறதே எனக்கு மறந்து போச்சு."

அம்மா அவர் தட்டில் இன்னும் இரண்டு வடைகளை வைத்தார். அவர் இரண்டையும் சாப்பிட்டார். இரண்டு கைகளும் காலியாக இருந்தன.

ஆறரை மணிக்கு, இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: "சரிம்மா, யோசிக்க ஒண்ணும் இல்ல. எந்தக் கோயில்ல முதல்லன்னு மட்டும் பேசிக்கலாம்." யாருக்கும் கை கொடுக்கவில்லை, கும்பிடவில்லை. எச்சரிக்கையாகத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் காரில் ஏறினார்.

தாங்கிகள் நான்கு நாள் கழித்து வந்தன. துளைகள் அளவுக்கு மேல் பெரிதாக இருந்ததால் கிளாஸ்கள் அப்படியே உள்ளே நுழைந்து மறுபக்கம் விழுந்தன. இரண்டு உடைந்தன. மிஞ்சிய நான்கையும் அம்மா பூந்தொட்டி மண்ணில் குத்தி வைத்தார். அங்கே ஒருவழியாக நிமிர்ந்து நின்றன. மழைத்தண்ணீர் பிடித்தன. டெங்கிக் கொசு சோதனைக்கு வந்த அதிகாரி டார்ச் அடித்துப் பார்த்து, நான்கிலும் கொசுப் புழுக்கள் நீந்துவதைக் காட்டி, அம்மாவுக்கு ஒரு நீண்ட உபதேசம் செய்துவிட்டுப் போனார். அன்றே அவை குப்பைக்குப் போயின.

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. மாதா கோயிலில் ஒன்று, முருகன் கோயிலில் ஒன்று என இரண்டு கல்யாணம். அங்கிள் இப்போது எனக்கு மாமா; வாரம் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வருகிறார். பத்து நிமிடத்தில் கிளம்பிய சரித்திரமே இல்லை. ஆனால் எந்த வீட்டில் எதைக் குடிக்கக் கொடுத்தாலும், முதலில் கையை உயர்த்தி, கோப்பையின் அடியை ஒருமுறை பார்ப்பார். அதன் பிறகுதான் ஜெபம், அதன் பிறகுதான் குடிப்பது. அவரைப் பார்த்து அத்தை செய்தார். கிண்டலுக்கு அக்கா செய்தாள். ரெஜினாவுக்கும் பழகிவிட்டது. இப்போது எங்கள் குடும்பத்தில் யாரும் அடியைப் பார்க்காமல் எதையும் குடிப்பதில்லை.

போன மாதம் எங்கள் நான்கு வயது மகளின் பாலர் பள்ளியிலிருந்து ஆசிரியை எங்களை அழைத்திருந்தார். ரொம்பவும் பக்குவமாகப் பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பா பால் குடிக்கறதுக்கு முன்னாடி தினமும் கப்பைத் தலைக்கு மேல தூக்கி, அண்ணாந்து பார்த்துட்டுத்தான் குடிக்கிறா. மத்த பிள்ளைங்களும் இப்ப அதே மாதிரி செய்யறாங்க. நாங்க எல்லார் நம்பிக்கையையும் மதிக்கறோம். இது உங்க ரெண்டு மதத்துல எதுல உள்ள வழக்கம்னு தெரிஞ்சா, மத்த பெற்றோருக்குச் சொல்ல வசதியா இருக்கும்."

நான் வாயைத் திறப்பதற்குள் ரெஜினா என்னைச் சுட்டிக்காட்டினாள்.

"ரெண்டுலயும் இல்ல டீச்சர். இது இவரு ஸ்தாபிச்சது."